வரிசையில் நிற்காத கல்யாணம்

அன்புள்ள நண்டுக்கு,

உன் அப்பாவைப் பெற்றவள் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் அவரவர் இடத்தில் அப்படியே இருக்கிறோம். உன் அப்பனுக்கு முதுகுப்பிடிப்பு விட்டுவிட்டது, முணுமுணுப்புதான் விடவில்லை. போனில் பேசினால் நீ நாலு தடவை சரி பாட்டி சொல்லி வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. அதனால் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

வலது கண்ணில் ஆபரேஷன் முடிந்து மூன்று வாரம் ஆகிறது. அந்தக் கண்ணுக்குச் சுவரெல்லாம் நீலம் போட்டு அலசின மாதிரி வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. இடது கண்ணுக்கு அதே சுவர் இன்னும் டீ நிறம். பகலெல்லாம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து, மாற்றி மாற்றி இரண்டு வீட்டில் குடியிருக்கிறேன். யாரைப் பார்த்துக் கண்ணடிக்கிறீர்கள் அத்தை என்று உன் அம்மா கேலி செய்கிறாள். செய்யட்டும். டீ நிற வீட்டில் தூசியே கிடையாது. உன் தாத்தா உட்காரும் நாற்காலி கூடக் காலியாகத் தெரிவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். நீ காமிராவைப் பைக்குள் போட்டு அலமாரி மேலே ஏற்றிவிட்டாயாம். திங்கட்கிழமையிலிருந்து பழைய இன்சூரன்ஸ் ஆபீசுக்கே போகப்போகிறாயாம். உன் அப்பன் சொன்னான். சொல்லும்போது அவன் முகத்தில் பாதி சந்தோஷம், மறைக்கத் தெரியவில்லை. காசு வாங்கிக்கொண்டு நீ எடுத்த முதல் கல்யாணம் உன் அத்தைப்பாட்டியின் பேத்தி கல்யாணம். அத்தைப்பாட்டி ஆல்பத்தைப் பார்த்துவிட்டு உன்னிடம் போனில் கத்தினாள், இனிமேல் சொந்தத்தில் ஒருத்தரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள் என்றாள். இதுவரைக்கும்தான் எனக்கு வந்து சேர்ந்தது.

அவள் உன் தாத்தாவின் தங்கை, எனக்கு நாத்தனார். பதினொரு வருஷமாக எங்களுக்குள் பேச்சு கிடையாது. அதற்கு முந்தைய கணக்கும் இருக்கிறது. நான் இந்த வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சாயங்காலம் நாலு மணி. தபால்காரர் ஒரு பார்சலைக் கொண்டுவந்து கையெழுத்துக் கேட்டார். நான் பெருவிரலை நீட்டினேன்; எழுத்தெல்லாம் பிற்பாடு உன் தாத்தா கற்றுக்கொடுத்தது. இவள் கதவுக்குப் பின்னாலிருந்து, "எங்க அண்ணன் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதவளைக் கட்டிட்டு வந்திருக்கு" என்று தபால்காரரிடமே சொன்னாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயசு. தலையில் பச்சை ரிப்பன். அதன் ஒரு ஓரம் பிரிந்திருந்தது. அந்தப் பிரிந்த நூல் வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நேற்று முன்தினம் உன் அப்பனை வண்டி எடுக்கச் சொல்லி அவள் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன், உன்னிடம் மறைப்பானேன். அவள் வா என்றும் சொல்லவில்லை, ஏன் வந்தாய் என்றும் கேட்கவில்லை. நானே போய் சோபாவில் உட்கார்ந்து ஆல்பத்தைக் கொண்டுவரச் சொன்னேன்.

மடியில் வைத்துப் புரட்டினேன். நண்டு, அதை எப்படிச் சொல்வேன். திரைச்சீலை வழியாக வெயில் உள்ளே வந்து மணப்பெண்ணின் பின்கழுத்தில் உட்கார்ந்திருக்கிறது. யாருடைய பிள்ளையோ ஒன்று, நாற்காலிக்கு அடியில் ஒரு செருப்போடு தூங்குகிறது. சமையல்காரர் ஆவிக்கு நடுவில் நின்று எதையோ நினைத்துச் சிரிக்கிறார். இரண்டு கண்ணாலும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். எந்தக் கண்ணுக்கும் அது நேற்று நடந்த கல்யாணமாகத் தெரியவில்லை, நான் எப்போதோ தூக்கத்தில் போய்வந்த இடம் மாதிரி இருந்தது. பக்கம் புரட்டுகிற சத்தம்கூட எனக்குத் தொந்தரவாக இருந்தது.

அப்புறம் அந்தப் படம். அடுக்கிவைத்த நாற்காலிகளுக்குப் பின்னால் நாத்தனார் தனியாக உட்கார்ந்து கணுக்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கிறாள். யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் முகம் அப்படியே தளர்ந்து கிடக்கிறது. எனக்கு அங்கே கிழவி தெரியவில்லை. ரிப்பன் கட்டின அந்தப் பெண்தான் தெரிந்தாள். ரொம்ப நேரம் அந்தப் பக்கத்தைப் புரட்டாமல் இருந்திருப்பேன் போல. அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணி, இந்தப் படம் நல்லா இல்லைன்னு நான் சொல்லவே இல்லை" என்றாள். "வந்தவங்க எல்லாம் ஒண்ணா நின்னு நேரா பாக்குற மாதிரி ஒரே ஒரு படம் கேட்டேன். எடுத்தாளாம். உயிரில்லைன்னு அவளே அழிச்சுட்டாளாம். நான் என்ன உயிரையா கேட்டேன்? அன்னிக்கு யார் யார் வந்தாங்கன்னு எனக்குத் தெரியணும்ல?"

நாற்பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் பக்கம் நியாயம் இருந்ததை நான் பார்க்க வேண்டியதாகிவிட்டது. எவ்வளவு கசப்பு தெரியுமா?

நீ செய்தது தப்புதான் கண்ணு. அவர்கள் விறைப்பாக நின்றால் விறைப்பாகவே இருக்கட்டும். அது அவர்கள் படம். உனக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை அழிக்க நீ யார்? உன்னிஷ்டத்துக்கு எடுக்கிற வரைக்கும் படம் உன்னுடையது. ஒருத்தர் கூப்பிட்டுப் போய் எடுத்தால் பாதி அவருடையது. இந்த ஒன்றைத்தான் நீ மறந்தாய். இதற்குப் போய் காமிராவை அலமாரி மேலே ஏற்றுவார்களா?

நான் அவளிடம் இதுநாள் வரை ஒரு டம்ளர் தண்ணீர்கூடக் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். எல்லோரையும் இன்னொரு தடவை நிற்கவைக்க முடியுமா என்று கேட்டேன். மாப்பிள்ளையும் பெண்ணும் அடுத்த வியாழக்கிழமை விமானம் ஏறுகிறார்கள், அதற்குள் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது. அவள் என் மடியிலிருந்து ஆல்பத்தை எடுத்து மூடினாள். பிறகு, "அவ வருவாளா?" என்றாள்.

உன்னைக் கேட்காமல், "வருவா" என்று சொல்லிவிட்டேன்.

இப்போது அவளே ஆளாளுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாள். கல்யாணத்தன்று உடுத்தியதையே உடுத்தி வரவேண்டுமாம். அவள் தம்பி மகனின் கோட்டு சலவைக்குப் போயிருக்கிறது, அதை வாங்கிவர ஆள் அனுப்பியிருக்கிறாள். முப்பத்திரண்டு பேர். காலை பத்து மணிக்கு அவள் வீட்டு வாசலில் நிற்பார்கள். முதல் வரிசையில் எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறாளாம், அவளுக்குப் பக்கத்தில். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

நேராக நிற்கவைத்து, நேராகப் பார்க்கவைத்து எடுத்துக் கொடு. அதற்குப் பிறகு எல்லோரும் கலைந்து போவார்கள், அப்போது உன் இஷ்டம். திங்கட்கிழமை நீ எந்த வாசலில் ஏறுவாய் என்று நான் கேட்க மாட்டேன். அது உன் காரியம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்துவிடு, கண்ணு. நீ எந்த வேலை பார்த்தாலும் மனசு நிறைந்து பார்க்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். அவளிடம் மறுபடியும் பதினொரு வருஷம் பேசாமல் இருக்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும்
பாட்டி