கரைக்கோட்டுப் பக்கம் நிற்பவன்

செங்கலடி
18.05.2025

அன்பு மச்சான் நளீருக்கு,

இங்கே வெக்கையான கச்சான் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டது. அதைத் தவிர எல்லோரும் சுகம். போனில் எதைக் கேட்டாலும் ‘ஓம், சுகம்’ என்று நான் முடித்துவிடுகிறேன் என்று கோபித்தாய் அல்லவா? அதனால்தான் மகனின் கொப்பியில் இரண்டு தாள் கிழித்து, எழுதி, படமெடுத்து அனுப்புகிறேன். தோஹாவில் வேலை முடிந்து வந்து ஆறுதலாக வாசி.

ஒரு செய்தி. சிரிக்காமல் கேள். எங்கள் உதைபந்தாட்ட அணியில் நான் இப்போது றைட் பெக், வலப்பக்கத்துக் காவல்.

சிரிக்கிறாய், தெரியும். நீ முழங்கால் நோவென்று முன்னுக்கு ஓடுகிற போவேட்டிலிருந்து பின்னுக்கு நிற்கிற பெக்குக்குப் போனபோது, ‘பயந்து பின்னுக்குப் போனவன்’ என்று செங்கலடிச் சந்தியிலிருந்து உங்கள் ஏறாவூர் வரைக்கும் சொல்லித் திரிந்தவன் நான்தான். இப்போது வினோஜனும் மற்றப் பெடியன்களும் அதையே எனக்குச் சொல்கிறார்கள். முப்பத்தைந்து வயதில் முன்னுக்கு ஓட மூச்சு வாங்குகிறது, கோச் கனகசிங்கம் சேர் பின்னுக்குப் போகச் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்.

ஆனால் மச்சான், பயமாக இருக்கிறது. முன்னுக்கு நின்ற காலத்தில் தவறவிட்டால் ஒரு கோல் போச்சு, அவ்வளவுதான். பின்னுக்கு நின்றால் நான் விடுகிறதெல்லாம் எங்கள் கோலுக்குள் போகிறது. மட்ச் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் பின்னால் யாரோ ஓடி வருகிற மாதிரி இருக்கிறது. கேதீஸ்வரி சோறு போட்டுக்கொண்டு, ‘என்ன, ஆரையோ தேடுறீங்க?’ என்று கேட்கிறாள்.

உன் மகள் றுமைஸா ஒரு நாளும் பிந்தாமல் என் பள்ளிக்கூட வேனில் ஏறுகிறாள். என் சீற்றுக்குப் பின்னால்தான் இருப்பாள், வேறு யாரையும் அங்கே விடமாட்டாள். பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டுப் பழக்கியிருக்கிறேன். றோட்டில் வருகிற வாகனத்தை முதலில் சொல்கிறவருக்கு ஒரு டொஃபி. உன் மகள் என்னை ஓட்டாண்டியாக்கப் போகிறாள். நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் திவாகரன்


தோஹா
25.05.2025

அன்புள்ள திவா,

உன் கடிதத்தை வாசித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில் நேபாளக்காரன் எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று எழும்பி இருந்துவிட்டான். செங்கலடியின் பெரிய போவேட் பெக்குக்கு வந்த செய்தியைக் கேட்க அல்லாஹ் எனக்கு ஆயுள் தந்தானே, அல்ஹம்துலில்லாஹ்.

பயத்தைப் பற்றி யோசிக்காதே. எனக்கும் முதல் சீசன் அப்படித்தான். படுக்கையில் காலை உதறுவேன், றஸீனா ஏசுவாள். பெக்குக்குப் பயம் வேணும் மச்சான், பயம் இல்லாதவனைத் தாண்டித்தான் பந்து போகும். ஒன்று செய். பந்து தூரத்தில் இருக்கும்போதே இரண்டு தோளுக்கு மேலாலும் மாறி மாறித் திரும்பிப் பார். பார்க்கப் பார்க்கப் பயம் குறையும்.

எனக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. நீ பள்ளிக்கூட நாளிலிருந்தே இடப்பக்கம் ஓடினவன். பின்னுக்குக் கொண்டுவருவதென்றால் லெஃப்ட் பெக்காக அல்லவா போட வேண்டும்? வலப்பக்கத்தில் வினோஜன் நன்றாகத்தானே விளையாடினான்? கனகசிங்கம் சேருக்கும் வயதாகிறது போல.

இங்கே வெயில் தொடங்கிவிட்டது. பகலில் இரும்பில் கை வைக்க முடியாது. அடுத்த வருஷம் லீவு கிடைக்கும் என்கிறார்கள். அதுவரை றுமைஸாவை உன் கையில் விட்டிருக்கிறேன் என்ற நிம்மதிதான் எனக்கு. அவளுக்கு நிறைய டொஃபி கொடுத்துப் பல்லைக் கெடுக்காதே. ஒவ்வொரு மட்ச்சையும் எழுது.

நளீர்


செங்கலடி
15.06.2025

அன்பு மச்சான்,

பெருநாளுக்கு றஸீனா கொடுத்துவிட்ட வட்டிலப்பம் வந்து சேர்ந்தது. கேதீஸ்வரி ஒளித்து வைத்தும் ஒரு நாள் தாங்கவில்லை.

நேற்று களுவாஞ்சிக்குடியில் மட்ச். தோற்றுவிட்டோம், என்னால்தான். முதல் பாதி வலப்பக்கத்தில் ஒருவனையும் விடவில்லை. இடைவேளைக்குப் பிறகு லெஃப்ட் பெக் பெடியனுக்குக் கால் பிரண்டது. சேர் என்னை அந்தப் பக்கம் போகச் சொன்னார். வேண்டாம் சேர் என்று மன்றாடினேன். ‘நீ அந்தப் பக்கம் பொறந்து வளந்தவன்தானே, போடா’ என்றார்.

அதற்குப் பிறகு என்ன நடந்ததென்று எனக்கே தெரியாது. என் வலப்பக்கம் முழு மைதானமும் திறந்து கிடந்தது. ஆட்கள் மண்ணுக்குள்ளிருந்து முளைத்த மாதிரி வந்தார்கள். வினோஜன் ‘ஆள்! ஆள்!’ என்று கத்துகிறான், ஆளைக் காணவில்லை. பிறகு பார்த்தால் எதிரணிக்காரன் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறான். திரும்பவும் வலப்பக்கம் போகிறேன் என்று சேரிடம் கெஞ்சினேன். ‘முதல்ல வலப்பக்கத்தயும் நீதானே கேட்டு வாங்கினாய், இப்ப என்ன கத சொல்றாய்?’ என்று எல்லோருக்கும் முன்னால் ஏசினார்.

கெட்ட கிழமை இது. வியாழக்கிழமை தன்னாமுனைப் பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள்காரன் வேனின் வலப்பக்கக் கண்ணாடியை உடைத்துவிட்டுப் போய்விட்டான். எங்கிருந்து வந்தானோ. அன்று றுமைஸா சளி, தடிமன் என்று வரவில்லை. இருந்திருந்தால் முதலே சொல்லியிருப்பாள். யாருக்கும் ஒன்றும் இல்லை, நீ யோசிக்காதே.

திவா


தோஹா
17.06.2025

திவா,

இதைக் கோபத்தில் எழுதவில்லை. பயத்தில் எழுதுகிறேன்.

உன் கடிதத்தைப் பல தடவை வாசித்தேன். சேர் போட்டார் என்று முதலில் எழுதினாய், நீயே கேட்டு வாங்கியதாக இப்போது வருகிறது. இடப்பக்கம் ஓடினவன் வலப்பக்கம் கேட்டு வாங்குவான் என்றால் ஏன்? பெக்காக நின்றவன் நான், எனக்குத் தெரியும். றைட் பெக்குக்கு வலக்கைப் பக்கம் மைதானத்தின் கரைக்கோடு. கோட்டுக்கு அங்கால் இருந்து ஒருவனும் வரமாட்டான். அந்தப் பக்கத்தைப் பார்க்கவே தேவையில்லை. லெஃப்ட் பெக்காகப் போனதும் அந்தப் பக்கம் திறந்துவிட்டது, ஆட்கள் முளைத்தார்கள். போன வருஷ இறுதி மட்ச் வீடியோவையும் எடுத்துப் பார்த்தேன். நீ தவறவிட்ட பந்தெல்லாம் வலப்பக்கத்திலிருந்து வந்தவை. அன்று நாங்கள் உன் கால்களை ஏசினோம்.

பிறகு றுமைஸாவுக்குப் போன் எடுத்தேன். என்ன விளையாட்டு மகள் வேனில் விளையாடுவீர்கள் என்று கேட்டேன். ‘திவா மாமாட வலக்கைப் பக்கம் என்ன வந்தாலும் சொல்லோணும் வாப்பா. மத்தப் பக்கம் சொன்னா டொஃபி இல்ல’ என்றாள். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள்.

மச்சான், உன் வலக்கண் எப்போதிருந்து தெரியவில்லை?

மைதானத்தில் பின்னால் ஆள் வந்தால் நாங்கள் கூவிச் சொல்வோம். சொல்லாவிட்டால் ஒரு கோல் போகும். நீ றோட்டிலும் அப்படியே ஆள் வைத்திருக்கிறாய். அந்த ஆள் என் எட்டு வயதுப் பிள்ளை. அவள் ஒரு நாள் காலையில் வேனில் தூங்கிவிட்டால் என்ன நடக்கும்?

நாளையிலிருந்து றுமைஸா வேனில் வரமாட்டாள். தடிமன் மாறவில்லை என்று றஸீனா சொல்லுவாள். அது பொய், நான்தான் சொல்லச் சொன்னேன். காரணத்தை அவளுக்கு இன்னும் சொல்லவில்லை. வேனை நிறுத்து. கண்ணைக் காட்டு. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

நளீர்


தோஹா
20.06.2025

திவா,

பதில் இல்லை. நீ வாசித்ததற்கு அடையாளமாக நீலக் கோடு விழுந்திருக்கிறது. போன் எடுத்தால் வெட்டுகிறாய்.

இன்று ஜும்ஆவுக்குப் போனேன், ஒன்றும் காதில் ஏறவில்லை. என் பிள்ளையை மட்டும் இறக்கிக்கொண்டு மற்றத் தாய்தகப்பன்மாரின் பிள்ளைகளை உன் வேனிலேயே விட்டுவிட்டேன் என்ற நினைப்புத்தான் ஓடியது. அவர்களும் என்னைப் போல உன்னை நம்பி அனுப்புகிறவர்கள். ஞாயிறு இரவு வரை பார்ப்பேன். அதற்குள் நீ ஒன்றும் சொல்லாவிட்டால் றஸீனா வீடு வீடாகப் போய்ச் சொல்லுவாள். கேதீஸ்வரிக்கும் சொல்லுவாள். நீ பிறகு என் முகத்தில் முழிக்காவிட்டாலும் பரவாயில்லை.

இப்படி எழுதுவேன் என்று நான் நினைத்ததே இல்லை.

நளீர்


செங்கலடி
22.06.2025

அன்பு நளீர்,

உன் வெள்ளிக்கிழமைக் கடிதம் வருமுன்பே வேன் நின்றுவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ மூச்சு விடு.

அதற்கு முந்தின உன் செவ்வாய்க்கிழமைக் கடிதத்தை வாசித்ததும் உன்னை அடிக்க வேண்டும் போல் இருந்தது. கத்தாருக்குப் போனவனுக்கு என் கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்தேன். அந்தக் கோபத்தில் பிள்ளைகளிடம், ‘இனி விளையாட்டு இல்ல, ஒருத்தரும் சத்தம் போடக் கூடாது’ என்று சொல்லிவிட்டேன். எனக்குக் கண் தெரியும் என்று உனக்குக் காட்ட நினைத்தேன்.

வெள்ளி காலை கோட்டைமுனைப் பாலத்துக்கு முன்னால் வலப்பக்கம் ஒடித்தேன். கதவில் ஏதோ உரசியது. பிறேக்கில் ஏறி நின்றேன். நான் சொன்னபடி ஒரு பிள்ளையும் சத்தம் போட்டிருக்கவில்லை. யன்னலுக்குப் பக்கத்தில் ஒரு பொம்பிளைக் குரல், ‘என்ன அண்ணன், என்னக் காணல்லயா?’ என்றது. மச்சான், என் தோளுக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறாள், எனக்குக் குரல்தான் இருக்கிறது, ஆள் இல்லை. முழுக்கத் திரும்பிய பிறகுதான் முகம் வந்தது. ஸ்கூட்டரில் இருந்தாள். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை நின்றது. இரண்டு பேரும் விழவில்லை. அவள் ஏசவும் இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

நான் வேனை ஓரமாக விட்டேன். என்ஜினை நிறுத்தித் திறப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டேன். பிள்ளைகளை இறக்கி, கையைக் கோக்கச் சொல்லி, பாலத்தால் நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அவர்களுக்குப் பெரிய சந்தோஷம், வாவியில் தோணி போவதைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் அவர்களை விட்டுவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதேன். அன்றைக்குப் பின்னேரம் கேதீஸ்வரியின் தம்பிதான் வேனை எடுத்துக்கொண்டு பிள்ளைகளை வீடுகளில் விட்டான். இனி அவன்தான் ஓட்டுவான். தாய்தகப்பன்மாரிடம் நானே வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். சிலர் ஏசினார்கள், ஏசத்தான் வேண்டும்.

கடைசியாக இன்று உன் வீட்டுக்குப் போனேன். றஸீனா கேட்டுவிட்டு உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். திரும்பி வரும்போது றுமைஸா என் பின்னால் வந்தாள். நான் றோட்டைக் கடக்க நின்றேன். அவள் வலப்பக்கத்தில் வந்து நின்று, எட்டிப் பார்த்துவிட்டு, ‘ஒண்டும் வரல்ல மாமா, போங்க’ என்றாள். டொஃபி கேட்கவில்லை.

நேற்று கேதீஸ்வரி என்னைக் கண் டொக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கண்ணுக்குள் அழுத்தமாம். போன வருஷ மழைக்காலத்திலிருந்தே ஓரங்கள் குறைந்து வந்தது எனக்குத் தெரியும். லைசன்ஸ் போய்விடும், பந்து போய்விடும் என்று யாருக்கும் சொல்லாமல் இருந்தேன். வலது இனி வராது என்றார். பிறகு இடதையும் பார்த்தார், நெடுநேரம் பார்த்தார். அதிலும் ஓரத்தில் தொடங்கியிருக்கிறதாம். சொட்டு மருந்து தந்திருக்கிறார். ஒழுங்காக விட்டால் இருக்கிறதைக் காப்பாற்றலாம் என்கிறார். காப்பாற்றுவோம் என்று சொல்லவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது நளீர். இந்தப் பயத்துக்குக் கரைக்கோடு ஒரு பக்கமும் இல்லை.

அடுத்த வருஷம் லீவு என்று எழுதியிருந்தாய். ஏலுமென்றால் இந்த வருஷமே வா. வரும்போது என் இடப்பக்கமாக வா மச்சான், உன் முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் திவாகரன்