ஓட்டுகிற இடத்துக்கு ஒரு நிழல்

பூரணாங்குப்பம்
21.4.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். நாங்கள் நலம். உங்கள் நலம் அறிய ஆவல்.

இந்தக் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். கூட்டவும் மாட்டேன், மறைக்கவும் மாட்டேன். நீங்களும் அம்மாவும் போனில் பேசினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வருகிறது. போன் படத்தில் நிறம் மாறித் தெரிகிறது என்றும் சொன்னீர்கள். அதனால்தான் துணித் துண்டுகளைத் தபாலில் அனுப்புகிறேன்.

மகளிர் குழுவின் சுற்றுலாப் படகை அம்மா ஓட்டத் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. முகத்துவாரம் வரை போய்த் திரும்ப வேண்டும், ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை. பயணிகள் உட்காரும் இடத்துக்குக் கூரை இருக்கிறது. பின்னால் அம்மா நின்று ஓட்டுகிற இடத்துக்கு இல்லை. நாலு குழாய் நட்டுச் சட்டம் அடித்தாயிற்று, மேலே வானம்தான். அம்மாவுக்குக் கழுத்திலும் கையிலும் தோல் உரிந்துவிட்டது. டாக்டர், "நிழல்ல நில்லுங்க, முடியலன்னா வேலைய விடுங்க" என்றார். ஜூன் முடிவதற்குள் அம்மாவால் முழு நாளும் ஓட்ட முடியாவிட்டால் குழு வேறு ஆளைப் போட்டுவிடும்.

துணி வாங்கிக் கொடுக்கக் குழு தயார். அம்மாதான் நிறுத்தி வைத்திருக்கிறார். "காண்ட்லா துறைமுகத்துல சரக்குக்குத் தார்ப்பாய் போடுறவரு உங்கப்பா. அவரக் கேக்காம வாங்கினா இன்னா நெனைப்பாரு?" என்கிறார்.

நாலு துண்டுகள் குத்தியிருக்கிறேன். நீலத் தார்ப்பாய், பச்சை வலை, பிளாஸ்டிக் பூசிய வெள்ளைத் துணி, மெரூன் கேன்வாஸ். எது என்று சீக்கிரம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகள்
ரோஸ்லின்


காண்ட்லா
30.4.2024

அன்பு மகள் ரோஸ்லினுக்கு அப்பா எழுதுவது.

உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம். அறையில் எல்லோரிடமும் காட்டினேன். பரீட்சை எப்படி எழுதினாய் என்று எழுதவே இல்லையே?

நீலம் வேண்டாம். ஒரு கோடை தாங்காது. மடித்த இடத்தில் அப்பளம் மாதிரி உடையும். பச்சை வலையில் மழை ஒழுகும். வெள்ளை தண்ணீர் மேல் கண்ணைக் கூசும். மெரூன் கேன்வாஸ் உப்புக் காற்றில் பூசணம் பிடிக்கும். இன்னும் நல்லதாகப் பார். அவசரம் இல்லை. அதுவரை அம்மா தலையில் துண்டு போட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன் அப்பா
அந்தோணிசாமி


பூரணாங்குப்பம்
8.5.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

இயேசுவுக்கே புகழ். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறேன். துண்டு போட்டுப் பார்த்தாயிற்று. முகத்துவாரக் காற்று அதை ஆற்றில் தள்ளிவிட்டது. அவசரம் இருக்கிறது அப்பா.

சுகன்யா டீச்சரிடம் வெப்பமானி இரவல் வாங்கி, நாலு துணியையும் குச்சிகளில் கட்டி, உச்சி வெயிலில் அளந்தேன். மெரூனுக்குக் கீழே 41. நீலத்துக்கு 39. வலைக்கு 37. வெள்ளைக்கு 36. ஆனால் நீங்கள் சொன்னது சரி, வெள்ளைக்குக் கீழே கண் கூசுகிறது. எனவே மேலே வெள்ளை, உள்ளே வேறு நிறம் என்று இரண்டு பக்கமுள்ள துணியைத் தேடினேன். வில்லியனூரில் நிஜாமுதீன் பாய் தையல் கடையில் இருக்கிறது. உள்பக்கம் கரும்பச்சை, சாம்பல், பழுப்பு என்று மூன்று வகை. மூன்றிலும் துண்டு வைத்திருக்கிறேன். என் முடிவு கரும்பச்சை. "இத்தப் போட்டா அஞ்சு வருஷம் திரும்பிப் பாக்க வேணாம்மா" என்றார் பாய்.

இன்னொன்றும் நடந்தது. டிக்கெட் கொடுக்கும் தனக்கொடி அக்கா, "எம்பொண்ணு சடங்குக்கு அடிச்ச பேனர் வூட்டுல சும்மாதான கெடக்குது, கட்டிக்கோக்கா" என்று கொண்டுவந்தார். படம் உள்பக்கம் வரும்படி கட்டிவிட்டார்கள். அம்மாவின் தலைக்கு மேல் என் வகுப்புத் தோழி பட்டுப்புடவையும் ஜடையலங்காரமுமாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். பயணிகள், "யாரு, ஓனர் பொண்ணா?" என்று கேட்டுப் படம் எடுத்தார்கள். இரண்டாம் நாள் காற்றில் மூக்கோடு கிழிந்தது. அவள் இப்போது என்னோடு பேசுவதில்லை. நான் என்ன செய்தேன்?

பதிலை விரைவுத் தபாலில் போடுங்கள்.

அன்பு மகள்
ரோஸ்லின்


காண்ட்லா
17.5.2024

அன்பு மகளுக்கு,

வெப்பமானி வைத்துப் பார்த்ததைப் படித்துப் பெருமைப்பட்டேன். நீ பெரிய படிப்புப் படிப்பாய்.

கரும்பச்சை ராணுவ வண்டி மாதிரி இருக்கும். சாம்பல் பழையதுபோல் தெரியும். பழுப்பில் அழுக்கு தெரியாது, ஆனால் பார்க்க மங்கல். ஓரம் எப்படி அடிப்பார்? கயிறு கோக்கிற ஓட்டைக்கு அடிக்கும் கண்ணி பித்தளையா, இரும்பா? இரும்பென்றால் துருப்பிடிக்கும். சட்டத்தின் அளவையும் மறுபடி எடு. டிசம்பரில் லீவில் வருகிறேன். நேரில் பார்த்து முடிவு செய்தால் போயிற்று.

அப்பா


பூரணாங்குப்பம்
24.5.2024

அப்பா,

கண்ணி பித்தளை. ஓரம் இரட்டைத் தையல். அளவு ஏழடிக்கு ஆறடி, மூன்று முறை எடுத்துவிட்டேன்.

டிசம்பரில் நிழல் எதற்கு? அப்போது அம்மாவுக்குப் படகே இருக்காது.

தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா படித்துறையிலிருந்து எட்டி எட்டிப் பார்க்கிறார். உங்கள் கடிதத்தை வாசித்ததும், "அவர் சொன்னா காரணம் இருக்கும்" என்று மறுபடி வெயிலில் போய் நிற்கிறார். நேற்று இமை வீங்கி ஒரு கண்ணைத் திறக்க முடியவில்லை. ஒற்றைக் கண்ணோடு ஓட்டினார். எனக்கு உங்கள் மேல் கோபம். அம்மா மேலும் கோபம்.

உங்களுக்கு எந்த நிறம்தான் பிடிக்கும்? ஒரே ஒரு சொல் எழுதினால் போதும்.

ரோஸ்லின்


காண்ட்லா
2.6.2024

அன்பு மகளுக்கு,

கோபப்படாதே. உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நிறத்தில் ஒன்றுமில்லை.

இங்கே அறையில் நம் பக்கத்து ஆட்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அம்மா படகு ஓட்டுகிற வீடியோ அவர்கள் போனுக்கும் வந்துவிட்டது. "இன்னா அந்தோணி, வூட்டுல அவங்க டிரைவர்னா நீ கிளீனரா?" என்று சாப்பிடும்போதெல்லாம் சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விடுவேன். நிழல் போட்டுவிட்டால் அவள் அந்த இடத்திலேயே நின்றுவிடுவாள். நிழல் இல்லாவிட்டால் தானாக இறங்குவாள் என்று நினைத்தேன்.

அம்மா கரையில் டிக்கெட் கொடுக்கட்டும். பக்கத்து வீட்டு அரிகரன் ஓட்டட்டும். அவன் ஆம்பளை, அவனுக்கு மேலே துணியே வேண்டாம்.

இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

அப்பா


வில்லியனூர்
10.6.2024

அப்பாவுக்கு,

படித்துக் காட்டாதே என்று எழுதியிருந்தீர்கள். படித்துக் காட்டிவிட்டேன்.

அம்மா அப்போது மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். "அரிகரனப் பத்தி எழுதியிருக்காரே, அத்த மட்டும் இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். கத்துவார் என்று பயந்தேன். கத்தவில்லை. மீதி மீனையும் ஆய்ந்து, சட்டியை மூடி, சோப்புப் போட்டுக் கை கழுவினார்.

"கெளம்புடி, வில்லியனூர் போலாம்."

"நாளைக்குப் போலாமேம்மா, கண்ணு வீங்கியிருக்குது."

"வீங்கினா வீங்கட்டும். செருப்பப் போடு."

கடையில் பாய் மூன்று துணியையும் விரித்தார். அம்மா ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய், தலைக்கு மேல் பிடித்து, அண்ணாந்து பார்த்தார். போகிற பஸ்ஸில் இருந்தவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாம்பல்" என்றார்.

"பச்சைதாம்மா கண்ணுக்கு நல்லது. நான் எல்லாத்தையும் எழுதி வெச்சிருக்கேன்."

"பச்சைக்கு அடியில நின்னா என் மூஞ்சி சீக்கு வந்தவ மூஞ்சியாட்டம் இருக்கும். மொதல்லேருந்தே எனக்கு இந்த சாம்பல்தான்டி புடிச்சிருந்துது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு மூன்று கடிதம் எழுதினேன், டீச்சரைக் கேட்டேன், பாயைக் கேட்டேன். துணியின் கீழே நிற்கப்போகிறவரை நான் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுவதென்றால் இதையும் எழுதத்தான் வேண்டும்.

காலையில் படகு எடுக்கும்போது கட்டியாக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். அதனால் பாய் இப்போதே தைக்கிறார். நான் கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். அம்மா துணியின் மறுமுனையைத் தரையில் படாமல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்பாவுக்கு இன்னா எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"வாங்கியாச்சுன்னு எழுது. ஒடம்பப் பாத்துக்கச் சொல்லு."

"நெறம் புடிச்சிருக்குதான்னு கேக்கட்டுமா?"

"அத்தக் கேக்காத."

கேட்கவில்லை அப்பா. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசிக் கண்ணியும் அடித்தாயிற்று. அம்மா துணியை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் இறங்கிவிட்டார். பாய் கடை விளக்குகளை அணைத்துவிட்டார்.

ரோஸ்லின்