இருநூற்றுப் பன்னிரண்டு ‘அண்ணா’

மார்ச் 3, திங்கள்

கடைசி மூட்டை எங்கள் பதிப்பகத்துக்கு வந்துவிட்டது. ஒரு காலத்தில் நாளிதழில் தினம் மூன்று கட்டமாக வந்த ‘சூறாவளி’ படக்கதையின் இறுதி வருடம் முழுவதும். யாரோ ஒரு புண்ணியவான் பொறுமையாகக் கத்தரித்து, தேதி எழுதி, நூலால் கட்டி வைத்திருக்கிறார். பிரித்ததும் நான் தும்மினேன், முதலாளியம்மா தும்மினார். பலூன்காரர் மட்டும் மூக்கைப் பொத்திக்கொண்டு தப்பித்தார்.

இனி ஐந்தாம் தொகுதி வேலை. நான் தமிழாக்குவேன். பலூன்காரர் ஆங்கில எழுத்தை அழித்துவிட்டு என் தமிழைக் கையால் எழுதுவார். பாத்திரங்கள் பேசும் அந்த வெள்ளைப் பலூன் வட்டங்களுக்குள்ளேயே குடியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர். நான் முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்ததால் அவருக்கு நான் டீச்சர். எனக்கு அவர் அண்ணா.

மதியம் மழை. சன்னலோரம் இருந்த படக்கதைத் துண்டுகளைக் காப்பாற்றப் போய் என் குடையைத் தொலைத்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

சிரிப்பதா அழுவதா?

துண்டுகளைத் தேதிவாரியாக அடுக்கிக்கொண்டே போனேன். நூற்று நாற்பதாவது துண்டு. விமானத்தளம். சூறாவளி விமானி, கதாநாயகன். ஸ்பானர் அவன் விமானத்தைப் பழுதுபார்ப்பவள், எந்நேரமும் கன்னத்தில் கிரீஸ். மூன்றாவது கட்டத்தில் இரண்டு பேரும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். இரண்டு வாரம் கழித்துக் கல்யாணம்.

என் தமிழில் அவள் நான்கு தொகுதிகளாக அவனை ‘அண்ணா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

துண்டுகள் எங்களுக்குத் தவணை தவணையாகத்தான் கிடைத்தன. கதை எங்கே போய் முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும்? அவர்கள் பழகிய விதத்தில் ஒரு சாடைகூட இல்லை. சரி, ஒன்றிரண்டு இடத்தில் இருந்தது. ‘பாசம்’ என்று நினைத்துவிட்டேன்.

பலூன்காரர் சத்தமே போடாமல் நான்கு புத்தகங்களையும் எடுத்து வைத்து, பென்சிலால் கோடு போட்டு எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு அண்ணா.

“எல்லாம் நான் எழுதினதுதான் டீச்சர். இப்பதான் கை வலிக்குது.”

மார்ச் 5, புதன்

என் பக்க நியாயத்தையும் எழுதி வைக்கிறேன்.

மூலத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். அந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் நீளமாக வருகிறது, சின்ன பலூனில் அடங்காது. ‘சார்’ போட்டால் இமயமலை உச்சியில்கூட ஆபீஸ் வாடை அடிக்கும். ‘சூறாவளி’ என்று மொட்டையாகக் கூப்பிட்டால் வானிலை அறிக்கை. ‘அண்ணா’ மூன்றே எழுத்து. எந்தப் பலூனிலும் இடிக்காமல் உட்காரும். கூப்பிடுகிறவளுக்குப் பாதுகாப்பு, கேட்பவனுக்கு மரியாதை. யாரும் ஒரு கேள்வி கேட்கமாட்டார்கள்.

எழுதிவிட்டுப் பேனாவை மூடினேன். திரும்பத் திறந்தேன்.

நான் ஒருவரை எட்டு வருடமாக அப்படிக் கூப்பிடுவதும் இதே காரணத்துக்காகத்தானே?

மார்ச் 6, வியாழன்

முதலாளியம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். முத்தக் கட்டத்தைத் தூக்கிவிடலாம் என்றார். கல்யாணத்தை என்ன செய்வது? மாப்பிள்ளைக்கு மீசை வரைந்து வேறு ஆளாக்கிவிடலாம் என்றார். பலூன்காரர் உடனே ஒரு நகலில் மீசை வரைந்தும் காட்டினார். சூறாவளி கடத்தல்காரன் மாதிரி ஆகிவிட்டான். மூவரும் அரை மணி நேரம் சிரித்தோம்.

ஆனால் கண்கொத்தி சிரிக்கமாட்டார். அது எங்கள் வாசகர் ஒருவருக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர். சூறாவளியின் கைக்கடிகாரம் ஒரு கட்டத்தில் இடக்கையிலிருந்து வலக்கைக்கு மாறியதற்கு மூன்று பக்கம் கடிதம் எழுதியவர். இதைப் பார்த்தால் எங்களை உரித்து உப்புக்கண்டம் போட்டுவிடுவார்.

இரண்டு வாரத்துக்குள் ஒரு வழி சொல், இது நீ கட்டிய முடிச்சு என்று முதலாளியம்மா என்னைக் கைகாட்டினார்.

மார்ச் 7, வெள்ளி

எழுதியே விடுகிறேன். எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது.

வில்லனின் பலூனை எழுதும்போது அவர் தன்னை அறியாமல் வில்லன் குரலில் முணுமுணுப்பார். வயதான கப்பல் தலைவனுக்கு ஒரு குரல், நாய்க்கு ஒரு குரல். ‘ழ’ எழுதும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். என் மொழிபெயர்ப்பில் ஒரு வார்த்தை பிடித்திருந்தால் ஒன்றும் சொல்லமாட்டார், அந்த வார்த்தையைக் கொஞ்சம் அழுத்தி எழுதியிருப்பார். எட்டு வருடமாக அழுத்தமான வார்த்தைகளை நான் தேடிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கே சேர்ந்தபோது என் கல்யாணம் முறிந்து ஒரு வருடம். எந்த ஆண் பேசினாலும் எரிச்சல். முதல் நாள் இவர் டீ வேண்டுமா என்றுதான் கேட்டார். “வேண்டாம் அண்ணா” என்றேன். அவர் சரி என்று தலையாட்டிவிட்டுப் போனார். அன்று போட்ட தாழ்ப்பாள். இப்போது உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது நான்.

மார்ச் 10, திங்கள்

முதலாளியம்மா தனியாகக் கூப்பிட்டார். பலூன் விவகாரம் என்று நினைத்துப் போனேன். கையில் ஒரு உறை. அவருடைய சித்தி மகளுக்கு வரன் பார்க்கிறார்களாம். நம் பலூன்காரருக்கு நாற்பத்தாறு வயதாகிறது, படுக்கையில் இருந்த அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார், இன்னும் எத்தனை நாள் தனியாக இருப்பார் என்றார்.

“நான் கேட்டா முதலாளி கேக்கற மாதிரி இருக்கும். நீ தங்கச்சி முறை. நீ பேசினாதான் சரி.”

நான் சரி என்றேன்.

ஏன் சரி என்றேன்?

மார்ச் 11, செவ்வாய்

உறை பையிலேயே இருக்கிறது. பிரிக்கவில்லை.

பிரித்தேன். நல்ல முகம். கோபப்படக்கூட வழியில்லை.

மார்ச் 12, புதன்

தங்கையிடம் போனில் சொன்னேன். அவளுக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து திட்டினாள்.

“ஆளை விட்டுட்டு போட்டோவைக் கொண்டுபோய்க் குடுக்கப் போறியா? உனக்கென்ன கிறுக்கா அக்கா?”

அவர் என்னை நிஜமாகவே தங்கையாக நினைத்திருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். நான் வாயைத் திறந்தால் அப்புறம் அந்த அறையில் எப்படி எதிரெதிரே உட்காருவது? வில்லன் குரலும் போகும், அழுத்தமான வார்த்தையும் போகும். இருப்பதும் போய்விடும். அவள் பக்கமிருந்து விக்கல் மட்டும் கேட்டது.

மார்ச் 13, வியாழன்

குடுத்துட்டேன்.

அதுவும் எப்படி? “அண்ணா, முதலாளியம்மா இதைக் குடுக்கச் சொன்னாங்க.” வாய் பாட்டுக்கு அண்ணா போடுது! வேற எதுவுமே தெரியாதா இந்த வாய்க்கு?

அவர் கை மையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி எனக்குத் தோன்றியது. ஒருவேளை ரெண்டு நொடிதானோ என்னவோ.

“நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?”

நல்ல இடம்னு சொன்னேன். சொல்லித் தொலைச்சேன். யார் கேட்டது நல்ல இடமா கெட்ட இடமான்னு? அவர் உறையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலையைப் பார்க்க ஆரம்பித்தார். சாயங்காலம் வரை ஒரு குரல் இல்லை. நாய் குரைக்கும் பலூனைக்கூட ஊமையாக எழுதினார்.

மார்ச் 14, வெள்ளி

புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்கு ‘கொட்டாவி குடும்பம்’ நகைச்சுவைத் துண்டுகள் பன்னிரண்டு தேவை. அப்பா தூங்கப் போவார், யாராவது எழுப்புவார்கள், அவ்வளவுதான் நகைச்சுவை. கண்ணைத் துடைத்துக்கொண்டே பன்னிரண்டையும் முடித்தேன். முதலாளியம்மா படித்துவிட்டு, இதுவரை நீ எழுதியதிலேயே இதுதான் நல்ல சிரிப்பு என்றார். நாசமாய்ப் போக.

மார்ச் 17, திங்கள்

வழி கிடைத்துவிட்டது!

தினசரிப் படக்கதையில் ஒரு வழக்கம் உண்டு. நேற்று பேப்பர் வாங்காதவர்களுக்காக, நேற்றைய கடைசிக் கட்டத்தையே இன்று முதல் கட்டமாகக் கொஞ்சம் மாற்றி வரைந்து, அதே செய்தியைத் திரும்பச் சொல்வார்கள். புத்தகமாக்கும்போது நாங்கள் அந்த இரண்டாவதை வெட்டி எறிந்துவிடுவோம். இத்தனை வருடத்தில் ஆயிரம் கட்டம் எறிந்திருப்போம்.

முத்தத்துக்கு முந்தைய நாள் அப்படி ஒரு கட்டம் இருக்கிறது. சூறாவளி முதுகைக் காட்டிக்கொண்டு புரொப்பல்லரைப் பார்க்கிறான். ஸ்பானர் கையைத் துடைத்தபடி நிற்கிறாள். அவள் பேசும் பெரிய பலூன், அதில் ‘எஞ்சின் சரியாகிவிட்டது’ என்று நேற்றைய செய்தியே திரும்ப வருகிறது. அந்தக் கட்டத்தை வெட்டாமல் வைத்துக்கொண்டு, பலூனில் வேறு பேச்சு போட்டால் முடிந்தது. ஒரே கட்டத்தில் இருநூற்றுப் பன்னிரண்டுக்கும் பரிகாரம்.

என்ன பேச்சு என்பதுதான் கேள்வி. பதினோரு தாள் கிழித்தேன். கடைசியில் இப்படி நின்றது:

“ஒண்ணு சொல்லணும். உங்களை அண்ணான்னு கூப்பிட்டது பயத்துல. அன்னைக்கு வேற வார்த்தை தெரியல. இனிமே அப்படிக் கூப்பிட முடியாது என்னால.”

எழுதி முடித்துத் திரும்பப் படித்தேன். இதைத் தமிழில் முதலில் படிக்கப்போகிறவர் யார் என்று அப்போதுதான் உறைத்தது.

மார்ச் 18, செவ்வாய்

தாளை மற்ற தாள்களோடு நடுவில் செருகிக் கொடுத்தேன். கோழை.

அவர் வரிசையாகப் படித்துக்கொண்டே வந்தார். அந்தத் தாளில் உதடு அசைவது நின்றது. இன்னொரு முறை படித்தார். மூலத்துண்டை எடுத்து ஒப்பிட்டார்.

“இது மூலத்துல இல்லையே.”

இல்லை என்றேன்.

“யார் சொல்றது இது?”

ஸ்பானர் என்றேன்.

அவர் அளவுகோலை எடுத்துப் பலூனை அளந்தார். நீளம் அளந்தார், அகலம் அளந்தார்.

“பலூன் பத்தாது டீச்சர். பெருசு பண்ணணும்.”

அவ்வளவுதான்! எட்டு வருடத்தை நான் ஒரு தாளில் வைத்து நீட்டுகிறேன், இந்த மனிதர் இடம் பத்தாது என்கிறார். வரும் வழியில் பேருந்தில் தனியாகச் சிரித்தேன். பக்கத்து இருக்கைப் பெண் தள்ளி உட்கார்ந்தாள்.

மார்ச் 19, புதன்

அவர் வரவில்லை. உடம்பு சரியில்லை என்று தகவல். எனக்குத்தான் உடம்பு சரியில்லை.

மார்ச் 20, வியாழன்

நான் போனபோது என் மேசையில் பக்கம் நாற்பத்தொன்று இருந்தது, பிழை பார்க்க. அவர் தன் மேசையில் குனிந்திருந்தார், தலை நிமிரவில்லை.

பலூன் விமானத்தின் பாதி இறக்கையை விழுங்கியிருந்தது. என் வார்த்தைகள் மொத்தமும் அழுத்தமான எழுத்தில். ஒன்று இரண்டு அல்ல, எல்லாமே.

அதற்குக் கீழே, முதுகைக் காட்டி நிற்கும் சூறாவளிக்கு மூலத்தில் பேச்சே கிடையாது. அங்கே ஒரு குட்டி பலூன் புதிதாக முளைத்திருந்தது. அதில்:

“இப்பவாவது சொன்னீங்களே டீச்சர்.”

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். ஸ்பானர் மெக்கானிக். ஐந்து தொகுதியிலும் அவள் ஒரு பிள்ளைக்கும் பாடம் நடத்தியதில்லை. பழக்கதோஷத்தில் கை தவறி எழுதிவிட்டாரோ? அப்படியானால்? எழுந்து அவர் மேசைக்குப் போனேன்.

“இதுல ஒரு பிழை இருக்கு.”

“எங்க?”

“டீச்சர்னு இருக்கு.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். கண் சிவந்திருந்தது. நேற்று முழுக்க வீட்டில் உட்கார்ந்து அந்தக் குட்டி பலூனை இருபது தடவை எழுதிப் பார்த்தாராம், அதைப் பிறகுதான் சொன்னார்.

“அது பிழை இல்லை.”

போட்டோ உறையை வெள்ளிக்கிழமையே முதலாளியம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை! கேட்டதற்கு, தங்கச்சி என்று நம்பி உன்னிடம் கொடுத்தேனே அடிப்பாவி என்று சிரித்துவிட்டு, எல்லோருக்கும் டீ சொன்னார். இந்த முறை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

மார்ச் 21, வெள்ளி

அச்சுக்குப் போகும் பக்கத்தில் ‘டீச்சர்’ என்பதை எடுத்துவிட்டு ‘ஸ்பானர்’ என்று எழுதிக் கொடுத்தார். பழைய பக்கம் என்னிடம்.

ஏப்ரல் 28, திங்கள்

புத்தகம் வெளியாகிப் பத்து நாள். கண்கொத்தியின் கடிதம் வந்தது, ஆறு பக்கம். கைக்கடிகாரம் மறுபடி கை மாறிவிட்டதாம், அதற்கு ஐந்தரைப் பக்கம். கடைசி அரைப் பக்கத்தில், நாற்பத்தோராம் பக்கத்தைப் படித்து மனைவியிடமும் வாசித்துக் காட்டியதாகவும், ஆனால் ஸ்பானர் இதைச் சொல்ல இவ்வளவு நாள் எடுத்துக்கொண்டதை ஏற்க முடியவில்லை என்றும் எழுதியிருந்தார்.

நியாயமான புகார்தான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

சோம்பேறித்தனமான காலை. கல்யாணமான இந்த ஆறு வாரமாக வீட்டில் எனக்கு ஒரு சங்கடம். அண்ணா போயாயிற்று, அந்த இடத்தில் வைக்க ஒன்றும் கிடைக்கவில்லை. ‘இங்க பாருங்க’ என்பேன், ‘கேக்குதா’ என்பேன். நேற்று அவரைக் கூப்பிடக் கரண்டியால் தட்டில் தட்டினேன். தன்னை என்ன பூனை என்று நினைத்தாயா என்று கேட்டார்.

இன்று பத்து மணிக்குக் குளியலறைக் குழாய் பிடுங்கிக்கொண்டது. தண்ணீர் கூரை வரை பீய்ச்சியது. இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன், நிற்கவில்லை. கத்தினேன். யோசிக்காமல் கத்தினேன். அவர் பெயர் வந்தது. வெறும் பெயர், முன்னாலும் பின்னாலும் ஒன்றும் ஒட்டாமல்.

ஓடி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். தண்ணீர் அவர் முகத்தில் அடிக்கிறது, துடைக்கவில்லை.

“இன்னொரு தடவை கூப்பிடு.”

குழாயை மூடச் சொன்னேன். அசையவில்லை. தண்ணீர் கணுக்கால் வரை ஏறிவிட்டது.

கூப்பிட்டேன்.