கீசரில் படிந்த உப்பு

டிசம்பர் 17, செவ்வாய்

கீசர் கெட்டு இன்றோடு பன்னிரண்டு நாள். குண்டானில் சுடவைத்துத்தான் மூன்று பேரும் குளிக்கிறோம். மாடியிலிருந்து ஹவுஸ் ஓனர் அக்கா எலக்ட்ரீஷியனோடு இறங்கி வந்ததும் நிம்மதியாக இருந்தது. எலக்ட்ரீஷியன் காயிலை உருவிக் காட்டினார். செம்பாக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பு, கல்லாகப் படிந்திருந்தது.

"இது வேலைக்கு ஆவாதுக்கா. புச்சுதான் போடணும்."

"பெருசாவே போட்டுடுப்பா. தை பொறந்ததும் இந்த வீட்டுக்குக் குடி வர்றவங்க ஆறு பேரு" என்றார் அக்கா.

பிறகுதான் என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்மா."

தலையாட்டினேன். இருவருக்கும் காபி போட்டுக் கொடுத்தேன்.

இவர் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, "கீசர் என்னாச்சு?" என்றார்.

"புதுசு வருது" என்றேன்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்னும் சொல்லவில்லை. தூங்கிவிட்டார்.