எண்ணெய் போடாத இரண்டு லேன்கள்

அக்கா,

இன்று காலை எட்டரை மணிக்கு உலு திராம் பௌலிங் சென்டரின் கதவைத் தள்ளியதுமே அந்த ஆரஞ்சுத் தோல் வாசனை முகத்தில் வந்து அடித்தது. லேன் கழுவும் மருந்தின் வாசனை. எண்ணெய் மெஷின் அப்போதுதான் ஓடி முடித்திருந்தது. பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்த மடலை எழுத வேண்டும், எழுத வேண்டும் என்று அன்றிலிருந்து தள்ளிப்போட்டு வருகிறேன். தள்ளிப்போடுவதில் நான் எவ்வளவு கெட்டிக்காரன் என்று உங்களுக்கே தெரியும்.

பார்க்க வருகிறவர்களுக்கு அது பந்து உருளும், பத்து பின் விழும், கைதட்ட வேண்டும், அவ்வளவுதான். நமக்கு அது வேறு. முந்தின நாளே ஒவ்வொருவருடைய பந்தையும் நிறுத்துப் பார்த்து முத்திரை வைக்க வேண்டும். யார் எந்த லேனில் தொடங்குவது, ஒவ்வோர் ஆட்டமும் முடிந்ததும் எத்தனை லேன் தள்ளிப் போவது, கடைசி ஐந்து பேர் ஒருவரை ஒருவர் வென்று மேலே ஏறும் இறுதிச் சுற்று எத்தனை மணிக்கு, எல்லாம் டூர்னமெண்ட் டைரக்டரான என் தலையில். ஆனால் இத்தனைக்கும் அடியில் எண்ணெய் இருக்கிறது. லேன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு. எங்கே அதிகம், எங்கே குறைவு என்று ஒவ்வொரு போட்டிக்கும் ஓர் அளவு உண்டு. பந்து ஓட ஓட அது தேய்ந்து இடம் மாறிவிடும். அதனால்தான் காலையில் ஆடும் குழு, அதாவது காலை ஸ்குவாட், முடிந்ததும் எல்லா லேனையும் கழுவி, மதிய ஸ்குவாடுக்குப் புதிதாக எண்ணெய் போடுகிறோம். இல்லாவிட்டால் காலையில் ஆடியவருக்கு ஒரு நியாயம், மதியம் ஆடுகிறவருக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடும்.

எண்ணெய் போடும் அந்த வேலையில் நான் பார்த்த ஒரே பெண் நீங்கள்தான். ரெங்கத்திலிருந்து வந்து, சிப் தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு, இங்கே வேலைக்குச் சேர்ந்தீர்கள். "எண்ணெய் எப்படி இருக்குன்னு யாரும் பேசலன்னா நான் ஒழுங்கா போட்டிருக்கேன்னு அர்த்தம்" என்பீர்கள். பின் அடுக்கும் மெஷின்களுக்குப் பின்னால் நாம் உட்கார்ந்து நாசி லெமாக் சாப்பிடும்போது அந்த இரைச்சலில் ஒரு வார்த்தை கேட்காது. நீங்கள் கையாலேயே யார் யார் பந்தை எப்படி வீசுகிறார்கள் என்று நடித்துக் காட்டுவீர்கள். எனக்குப் புரையேறும்.

இனி அந்த நாளுக்கு வர வேண்டும்.

எட்டு வருடம் ஆகிறது. அன்று காலை ஒன்பதாம் லேனில் பின் அடுக்கும் மெஷின் மூன்று முறை சிக்கியது. காலை ஸ்குவாட் நாற்பது நிமிடம் தாமதம். இரண்டு மணிக்கு ஒரு டத்தோ வந்து முதல் பந்தை உருட்டி வைக்க வேண்டும். எனக்கோ பெரிய மனிதர்களைக் காக்க வைத்தால் உயிர் போய்விடும். நீங்கள் எண்ணெய் மெஷினைப் பத்தாவது லேனுக்கு நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். ஓடி வந்தேன்.

"அக்கா, கடைசி ரெண்டு லேன விட்டுருங்க. மத்தியானம் ஆளு கொறைவு, இருபத்து மூணு, இருபத்து நாலு பூட்டித்தான் இருக்கும்."

"எழுதிக் குடு தம்பி."

அது உங்கள் வழக்கம். எண்ணெய்ப் பட்டியலில் ஒரு கோடு மாறினாலும் டைரக்டர் கையெழுத்து வேண்டும் என்பீர்கள். அந்த வழக்கத்தை ஊரெல்லாம் புகழ்ந்தவனும் நான்தான்.

"நேரம் இல்லக்கா. நான்தான் சொல்றேன்ல."

என் முகத்தைப் பார்த்தீர்கள். சரி என்று தலையாட்டினீர்கள். இரண்டு லேனுக்கு எண்ணெய் போட எவ்வளவு நேரம் ஆகும்? நான்கு நிமிடம். அந்த நான்கு நிமிடத்தைத்தான் மிச்சம் பிடித்தேன்.

டத்தோ வந்தார், பந்தை ஓரக் குழியில் உருட்டினார், எல்லோரும் கைதட்டினோம். அடுத்த நிமிடம் நான்கு ஆட்டக்காரர்கள் பந்துப் பைகளை இழுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள், பாலத்தில் ஜாம். பட்டியலில் பெயர் இருந்தது. இடம் எங்கே இருக்கிறது என்று பார்த்தேன். இருபத்து மூன்று, இருபத்து நாலு. திறந்துவிட்டேன். நீங்கள் அந்த நேரம் பின்பக்கம் ஒன்பதாம் லேன் மெஷினைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தீர்கள். அந்த இரண்டு லேனுக்கும் எண்ணெய் போடவில்லை என்பது எனக்குச் சத்தியமாக நினைவு வரவில்லை அக்கா. அதுவரைக்கும் அது மறதிதான். அதற்குப் பிறகு நடந்ததை மறதி என்று சொல்லிக்கொள்ள முடியாது.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் லேன் மாறுவார்கள் அல்லவா, இரண்டாவது ஆட்டத்தில் தங்காக்கிலிருந்து வந்திருந்த பெண் ஒருத்தி அந்த லேனுக்கு வந்தாள். முதல் ஆட்டத்தில் பிரமாதமாக ஆடியவள். இங்கே அவள் பந்து பாதி வழியிலேயே வளைந்து ஓரத்துக்கு ஓடியது. குனிந்து லேனைப் பார்த்தாள், பந்தைத் துடைத்துப் பார்த்தாள், பிறகு நேராக மேசைக்கு வந்து எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தாள். ஆட்டத்தை நிறுத்தினோம். நாடாவை ஒட்டி எண்ணெயை அளந்தார்கள். காலையில் போட்டதன் மிச்சம்தான் இருந்தது.

ஜூரி மூன்று பேர் மேனேஜர் அறையில் உட்கார்ந்தார்கள். எப்படி நடந்தது என்று என்னைக் கேட்டார்கள். "அக்கா விட்டுட்டாங்க போல" என்றேன்.

"போல" என்ற அந்தச் சொல்லை எட்டு வருடமாக என் காதே எனக்குச் சொல்லிக் காட்டுகிறது. முழுப் பொய் சொல்லக்கூடத் துணிச்சல் இல்லாதவன் பேசும் பேச்சு அது.

உங்களைக் கூப்பிட்டார்கள். கையில் கிரீஸோடு வந்து நின்றீர்கள். என்னைப் பார்த்தீர்கள். நான் மேசையைப் பார்த்தேன்.

"ஆமா சார். மறந்துட்டேன்" என்றீர்கள்.

மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அலமாக், நான் அப்பவே சொன்னேன்லா. பொம்பள கையில மெஷின குடுத்தா இப்படித்தான்" என்றார். அப்போதாவது வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. மதிய ஸ்குவாடின் ஆட்டங்கள் ரத்தாகி மறுநாள் முழுவதும் திரும்ப நடந்தன. தங்காக் பெண்ணின் அந்த நல்ல ஆட்டமும் போயிற்று. அடுத்த வாரம் உங்களைக் காலணி கவுண்டரில் உட்கார வைத்தார்கள். எனக்கோ, தவறு நடந்ததும் ஆட்டத்தை நிறுத்திய கண்டிப்பான டைரக்டர் என்று பெயர். அதை வைத்து இன்னும் எத்தனையோ போட்டிகள்.

ஒரே ஒரு முறை கவுண்டர் பக்கம் வந்து, "ஏன்க்கா எனக்காக அப்படிச் சொன்னீங்க?" என்று கேட்டேன். காலணிக்குள் மருந்து அடித்துக்கொண்டே பதில் சொன்னீர்கள்.

"ஒனக்காகவா? நெனப்புதான் ஒனக்கு. எண்ணெய் போடுறவ மறந்தான்னா ஒரு ஸ்குவாட திரும்ப ஆடலாம். டைரக்டர் பொய் சொல்றான்னு தெரிஞ்சா மொத்த டூர்னமெண்டும் போச்சு. அத்தன புள்ளைங்க லீவு போட்டு வந்திருக்குதுங்க."

ஒன்பதாம் அளவு ஜோடியைத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தீர்கள். அதற்குப் பிறகு நாம் நாசி லெமாக் சாப்பிடவே இல்லை.

உங்கள் பதினாறாம் நாளுக்கு ரெங்கம் வந்திருந்தேன். உங்கள் மகள் எனக்கு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, "அங்கிள், அம்மா நெஜமாவே அன்னிக்கு மறந்துட்டாங்களா? வீட்டுல கேஸ் அடுப்ப மூணு தடவ பாப்பாங்க. அவங்க மறந்தாங்கன்னு என்னால நம்பவே முடியல" என்று கேட்டாள்.

என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பழைய கதைம்மா" என்றேன். டீயைக் குடித்து முடித்தேன். அவள் கோப்பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

இன்று ஆட்டம் தொடங்குமுன் ஆட்டக்காரர்கள் கூட்டத்தில் விதிகளைப் படித்து முடித்த பிறகு, காகிதத்தை மடித்து வைத்துவிட்டுச் சொன்னேன். எட்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு லேனுக்கு எண்ணெய் போடாமல் விடச் சொன்னது நான், பழியை ஏற்றது ஓர் அக்கா, அவர் எதையும் மறக்கவில்லை என்று. நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் ஒருவன் கையைத் தூக்கி, "சார், பிராக்டிஸ் எத்தன மணிக்கு?" என்று கேட்டான். ஒன்பதே காலுக்கு என்றேன்.

சாயங்காலம் காரில் வரும்போது மனசு லேசாகிவிட்டது போலத்தான் இருந்தது. சிக்னலில் நின்றபோது உறைத்தது. அந்த நாற்பது பேரில் உங்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. அதனால்தான் எனக்குச் சொல்ல வந்தது. என்னைக் கேட்டவள், உங்கள் மகள், ரெங்கத்தில் இருக்கிறாள். அவள் எண் என் போனில் இருக்கிறது. நான் இன்னும் கூப்பிடவில்லை அக்கா.