உளுந்துக்குத் தண்ணீர் பாய்ச்சாத மெத்தட்

இந்த நேரத்தில் எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. பாத்திரம் கழுவி, நாளைக்கு மாவு எடுத்து வைத்து உட்கார இவ்வளவு நேரமாகிவிட்டது. பாப்பாவைப் படுக்க வைத்தபோது அவள் தலைமுடியில் கிரீஸ் வாசனை அடித்தது. மோட்டார் கொட்டகை வாசனை. உன்னிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது.

நீ இறந்து மூன்று வருடம் ஆகப் போகிறது. எனக்குப் பெண் பிறந்ததே உனக்குத் தெரியாது. ஒன்றேகால் வயது. வலங்கைமான் பக்கத்தில் என் கணவர் வயல் பார்க்கிறார். பிரசவத்துக்கு முன் வேலையை விட்ட நான் இன்றுதான் தஞ்சாவூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனிக்கு இன்டர்வியூ போனேன். அவளை விட்டு ஒரு பகல்கூட இருந்ததில்லை. எந்தக் கிண்ணம், எந்தப் பாட்டு, தொட்டிலை எவ்வளவு வேகத்தில் ஆட்ட வேண்டும் என்று நான்கு பக்கம் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். அவள் தூங்காமல் அழுதிருந்தால் இந்த வேலை வேண்டாம் என்று மனதுக்குள் முடிவும் செய்திருந்தேன்.

அங்கே முதல் கேள்வியே மெத்தட் ஓவர்ரைடிங். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நம் கல்லூரி ப்ராஜெக்ட் ஞாபகம் இருக்கிறதா? வயலுக்குத் தண்ணீர் விடும் ப்ரோகிராம். நெல்லா, வாழையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கும் இஃப் மேல் இஃப் போட்டு இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். எதுவும் பொருந்தாவிட்டால் நெல்லைப் போலப் பாய்ச்சு என்று கடைசியில் ஒரு வரி. உளுந்தை மறந்தே போனேன். நீ உளுந்து என்று கொடுத்து ஓட்டிப் பார்த்தாய். திரையில் உளுந்து வயல் முழுக்கத் தண்ணீர்.

"அடிப்பாவி, உளுந்தை முழுகடிச்சிட்டியேடி. சம்பா அறுத்த ஈரத்துலயும் பனியிலயும் வெளையுறதுக்கு இவ்ளோ தண்ணியா? உங்கப்பா பாத்தா சோறு போட மாட்டாரு."

சொல்லிக்கொண்டே என் இரண்டு பக்கத்தையும் அழித்தாய். பயிர் என்று ஒரு தாய் கிளாஸ், எல்லாப் பயிருக்கும் ஒரே அச்சு மாதிரி. மழை தேங்கினால் வடித்துவிடுவது எல்லாப் பயிருக்கும் பொது என்று அதை அங்கேயே வைத்தாய். தண்ணீர் விடும் வேலையைச் செய்யும் 'பாய்ச்சு' என்ற மெத்தடை மட்டும் அதன் பிள்ளைகளான நெல், வாழை, உளுந்து மூன்றும் அதே பெயரில் தங்கள் வழியில் எழுதிக்கொண்டன. அதுதான் ஓவர்ரைடிங். உளுந்தின் மெத்தடுக்குள் நீ ஒன்றுமே எழுதவில்லை. கூப்பிடும் இடத்தில் ஒரே வரி. எதிரில் நிற்பது எந்தப் பயிர் என்று அந்த வரிக்குத் தெரியாது. ஓடும்போது எந்தப் பயிரோ அதன் மெத்தட் நடக்கும். பாலிமார்பிசம் எனக்குப் புரிந்தது அன்றுதான். புரிந்தும் நம்பிக்கை வராமல், எதற்கும் ஒரு இஃப் இருக்கட்டுமே என்று கெஞ்சினேன்.

"கூப்பிடுறவ எப்படின்னு கேக்கக் கூடாதுடி. ஆச்சான்னு மட்டும் கேளு."

இன்று அந்த உளுந்தைத்தான் சொன்னேன். கேட்டவர்களில் ஒருவர் பட்டுக்கோட்டைக்காரர்.

"எங்களுக்குத் தென்னைதாம்மா. அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"தென்னைக்கு இன்னொரு கிளாஸ் எழுதுவேன் சார். கூப்பிடுற வரியைத் தொட மாட்டேன்."

திங்கட்கிழமை வேலையில் சேர வரச் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் நான் கணவரிடம் கேட்டது தொட்டிலைப் பற்றித்தான்.

"தொட்டில்ல எங்க படுத்தா? மோட்டார் கொட்டகைல தோள்ல போட்டுட்டு நின்னேன். சத்தத்துக்கே தூங்கிட்டா," என்றார்.

"அவ்ளோ சத்தத்துலயா? நான் எழுதிக் குடுத்ததைப் படிச்சீங்களா இல்லையா?"

"மொதப் பக்கம் படிச்சேன். பயமாயிடுச்சு, மடிச்சு வச்சுட்டேன். ஒன்றரை மணி நேரம் தூங்கினா. நீ பாடினா அரை மணிக்கே எந்திரிச்சிடுறா."

கோபம்தான் வந்தது. எந்தச் சட்டை, காதை மூடினீர்களா, எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் கேட்க வாயெடுத்தேன். உன் குரல் குறுக்கே வந்து நின்றது. ஆச்சா? ஆச்சு. பிள்ளை தூங்கியிருக்கிறாள். நான் தொட்டிலாட்டிப் பாடிச் செய்வதை அவர் கொட்டகையில் நின்று செய்திருக்கிறார். போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

இப்போது அந்த நான்கு பக்கத்தையும் கிழித்துவிட்டு, யார் பார்த்துக்கொண்டாலும் பொதுவானதை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். பால் ஆறிய பிறகுதான் கொடுக்க வேண்டும். வாய்க்கால் பக்கமும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் ஒரு நிமிடம்கூடத் தனியே விடக் கூடாது. இரண்டே வரி. மற்றதெல்லாம் அவர் பாடு, அவள் பாடு.

பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இன்று பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வெளியே வேடிக்கை பார்த்தேன். அப்படிப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது. நீ சொன்ன அந்த ஒரு பேச்சை மட்டும் எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை கிளம்புகிறேன். மத்தியானம் ஒரு போன், அதில் ஆச்சா என்று ஒரே ஒரு கேள்வி. என்னால் முடியும்தானே? உன்னிடமிருந்து பதில் வராது என்று தெரிந்தேதான் கேட்கிறேன். திங்கட்கிழமைக்குள் பதில் எழுது.