அப்பாவின் ஒருசந்தி

மார்ச் 5, 2025
திருநீற்றுப் புதன். சாமியார் சாம்பல் பூசும்போது அப்பாவின் தலை ஆடிக்கொண்டே இருந்தது. நெற்றியில் சாம்பல் சிலுவை கோணலாக விழுந்தது. திரும்பும்போது கள்ளிக்குப்பம் முனையில் எங்கள் தெரு பாபு அண்ணன், "இன்னா அண்ணாத்தே, இன்னிக்குமா ஊத்திக்கினே?" என்றார். அப்பா குடிப்பதே இல்லை. சிரித்துவிட்டு நடந்தார்.
ஈஸ்டர் வரை அப்பா ஒருசந்தியாம். ஒரு வேளைதான் சாப்பாடு.

மார்ச் 14
அப்பாவுக்கு இடுப்பில் பேன்ட் நிற்கவில்லை. கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார்.

மார்ச் 19
அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. ஹண்டிங்டன் நோய். ஒரு மரபணுவில் பிழை. அதனால் உண்டாகும் கெட்ட புரதம் மைட்டோகாண்ட்ரியாவைச் சரியாக வேலை செய்ய விடாதாம். சாப்பிட்டாலும் மூளைச் செல்களுக்குப் போதிய சக்தி கிடைப்பதில்லை. ஆடும் உடம்பு இருப்பதையும் எரித்துவிடுகிறது.
"மத்தவங்களைவிட இவர் அதிகமா சாப்பிடணும். பட்டினியே கூடாது" என்றார் டாக்டர். அப்பா சுவரைப் பார்த்தார்.
மைட்டோகாண்ட்ரியா என்றால் 'செல்லின் ஆற்றல் நிலையம்' என்று பரீட்சையில் எழுதி ஒரு மார்க் வாங்கியிருக்கிறேன். அதில் தெரிந்துகொள்ள அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன்.
பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று டாக்டர் அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் கேட்டுவிட்டது.

மார்ச் 23
அம்மா தட்டை நீட்டினாள். "நேர்ந்துக்கினதை பாதில உடச் சொல்றியா?" என்று அப்பா தள்ளிவிட்டார்.

ஏப்ரல் 2
பாதிக்குப் பாதி. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. அப்படியென்றால் மற்றப் பாதி யாருக்கு?

ஏப்ரல் 13
குருத்து ஞாயிறு. பவனியில் அப்பா விழுந்துவிட்டார். பாபு அண்ணன்தான் தூக்கினார். "இன்னாண்ணா, கனமே இல்லாம கீற" என்றவர் வீடு வரை தாங்கிப் பிடித்துக்கொண்டே வந்தார்.
வீட்டில் நான் கத்திவிட்டேன். "பட்டினி கெடந்தா மட்டும் சரியாயிடுமாப்பா?"
"எனக்கு சரியாவணும்னு யாரு நேர்ந்துக்கினது? எங்கப்பாவும் இப்டி ஆடி ஆடித்தான் போனாரு, எனக்கு அப்பவே தெரியும். உனக்கு வரக்கூடாதுன்னுதாம்மா."
எனக்காக. இத்தனை நாளும் எனக்காக.
"வர்றதா இருந்தா நான் பொறக்கும்போதே வந்தாச்சுப்பா. நீங்க சாப்பிட்டாலும் அது மாறாது, சாப்பிடலன்னாலும் மாறாது."
சொல்லியிருக்கக் கூடாதோ? அப்பா வெகுநேரம் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 18
பெரிய வெள்ளி, எல்லாரும் உபவாசம் இருக்கும் நாள். தெருவே சிலுவைப்பாதைக்குப் போய்விட்டது. அம்மா ஜன்னலைச் சாத்திவிட்டு முட்டை பொரித்தாள். அப்பா காலையில் சாப்பிட்டார். மதியமும் சாப்பிட்டார். "இன்னும் கொஞ்சம் போடு" என்று அவரே கேட்டார். தட்டு ஆடியது. நான் பிடித்துக்கொண்டேன்.
என் கையைப் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.